படத்தைக் காட்டி முடி வெட்டிக்கொண்ட காலம்

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகத் திரும்பச் சொல்லிவிடுகிறேன். பெண்களுக்கான பழைய ஹேர் ஸ்டைல் இதழ்கள் ஒரு கட்டு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் தலைகள், ஒவ்வொன்றின் கீழும் ஒரு வரி விளக்கம், வேறொன்றும் இல்லை. சமூக வலைதளங்கள் வருவதற்கு முன்னால் எந்த ஸ்டைல் நடப்பில் இருக்கிறது என்று பெண்களுக்கு எப்படித் தெரிந்தது, அதை முடிவு செய்தது இந்த இதழ்கள்தானா, இதில் இருப்பதை இன்றைக்கு ஒரு பார்லரில் காட்டினால் செய்து தருவார்களா என்பவை உங்கள் கேள்விகள். முதல் இரண்டுக்குள்ளும் ஓர் அனுமானம் இருக்கிறது: பெண்கள் படத்தைப் பார்த்தார்கள், அதனால் ஃபேஷன் பரவியது என்று. அது பாதிதான் சரி. படம் எப்போதும் சீக்கிரம் ஊர் சுற்றிவிடும். அதைச் செய்யத் தெரிந்த கைகள் பெருகத்தான் வருடங்கள் ஆகும். ஒரு ஸ்டைல் தெருவுக்கு வந்ததா, இதழோடு நின்றுபோனதா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்தது அந்தக் கைகளும் அவற்றுக்குக் கிடைத்த மருந்தும் கருவியும்தான். நான் சலூனில் பல வருடம் வேலை பார்த்து, பிறகு அதே வேலையைச் சொல்லிக்கொடுக்கிறவள். கத்தரி பிடிக்கிறவள் கண்ணில் படுவதைத்தான் சொல்கிறேன். பெண்களின் மனதில் என்ன ஓடியது என்று ஆராய்வது வேறு ஆட்களின் துறை.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். 'பழைய ஹேர் ஸ்டைல் இதழ்' என்று எல்லோரும் ஒன்றாகச் சொல்வது உண்மையில் மூன்று வேறு ரகங்கள். 1867ல் தொடங்கிய ஹார்ப்பர்ஸ் பஜார், 1892ல் தொடங்கிய வோக் போன்றவை ஃபேஷன் இதழ்கள். அவற்றில் உடைதான் முக்கியம், முடி அதற்குத் துணை. இரண்டாவது ரகம் தொழில் இதழ்கள். பிரிட்டனில் 1882 முதல் வரும் ஹேர்டிரஸ்ஸர்ஸ் ஜர்னல், அமெரிக்காவில் மாடர்ன் பியூட்டி ஷாப் என்ற பெயரில் வந்து பிறகு மாடர்ன் சலூன் ஆன இதழ் ஆகியவை இந்த வகை. இவை முடி வெட்டுகிறவர்களுக்காக அச்சானவை, வாடிக்கையாளர் கையில் அதிகம் போகாதவை. மூன்றாவது, உங்களிடம் இருக்கும் ரகம்: குட்டை, நடுத்தரம், நீளம் என்று பிரித்து நூற்றுக்கணக்கான தலைகளை அடுக்கி, கடைகளில் தொங்கவிட்டு விற்கப்பட்டவை. வயதில் இதுதான் இளையது. 1980கள், 90களில்தான் இவை குவிந்தன.

இந்த மூன்றாவது ரகம் எப்படித் தயாரானது என்று தெரிந்தால் உங்கள் கேள்வியில் ஒரு பகுதிக்கு விடை கிடைத்துவிடும். உங்கள் கட்டில் ஏதாவது ஒன்றை எடுத்து, படத்தின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். முடி அலங்காரம் இன்ன சலூன், புகைப்படம் இன்னார், பயன்படுத்திய பொருள் இன்ன கம்பெனி என்று இருக்கும். இதழ்க்காரர்கள் எல்லாப் படங்களையும் தாங்களே செலவு செய்து எடுக்கவில்லை. சலூன்களும் ஷாம்பு, கலர் கம்பெனிகளும் தங்கள் விளம்பரத்துக்காக எடுத்த படங்களை அனுப்பிவைக்கும். இதழ் பெயர் போட்டு அச்சடிக்கும். ஆக அந்தப் பக்கங்களில் இருப்பது பெண்கள் அப்போது என்ன வைத்திருந்தார்கள் என்பதன் பதிவு இல்லை. சலூன்கள் எதைச் செய்து காட்ட விரும்பின, கம்பெனிகள் எதை விற்க விரும்பின என்பதன் பதிவு. பழைய இதழைப் பார்த்து 'அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் இருந்தார்கள்' என்று சொல்கிறவர்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். அதே வருடத்துக் குடும்பப் படங்களையும் பள்ளிக் குழுப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வித்தியாசம் உடனே தெரியும்.

படம் அச்சிட்டு முடியை விற்கும் பழக்கம் புதிதில்லை. 1760களின் பாரிஸில் லெக்ரோ என்பவர், சமையல்காரராக இருந்து முடி அலங்காரத்துக்கு வந்தவர், தன் அலங்காரங்களைச் செதுக்கு ஓவியங்களாக அச்சிட்டார். அலங்கரித்த பொம்மைகளையும் காட்சிக்கு வைத்தார். 1778ல் ஒரு கடற்போரைக் கொண்டாடி, தலைமேல் முழுக் கப்பலையே ஏற்றிய அலங்காரத்தின் ஓவியம் இன்றும் எல்லோருக்கும் தெரியும். அந்தக் கப்பலோடு உண்மையில் எத்தனை பெண்கள் நடமாடினார்கள் என்பது சந்தேகத்துக்குரியது. அந்த ஓவியங்களில் பல கேலிச் சித்திரங்கள்.

கைதான் தடை என்று சொன்னேன் அல்லவா, அதற்கு முதல் நல்ல சாட்சி பாப் கட், அதாவது முடியைத் தாடை அளவுக்குக் குறைக்கும் வெட்டு. அதை முதலில் வெட்டியது யார் என்பதில் ஒருமித்த பேச்சு இல்லை. பாரிஸில் அந்துவான் என்ற முடி அலங்காரக்காரர் 1909ல் வெட்டினார் என்பார்கள். அமெரிக்காவில் நடனக் கலைஞர் ஐரீன் காஸில் 1915 வாக்கில் தன் முடியைக் குறைத்ததுதான் தொடக்கம் என்பார்கள். வேலைக்குப் போன பெண்கள் யாரையும் பார்க்காமல் தாங்களே வெட்டிக்கொண்டதும் உண்டு. இதில் ஒருவரை மட்டும் சுட்டுவது வீண் வேலை. உறுதியாகத் தெரிந்தது அதற்குப் பிறகு நடந்தது. 1920களில் பாப் வேண்டும் என்று கேட்ட பெண்களுக்கு அதை வெட்டித் தர ஆள் இல்லை. பெண்களுக்கு அலங்காரம் செய்தவர்கள் நீள முடியைச் சுருட்டவும் கொண்டை போடவும் சவுரி வைத்து ஏற்றவும்தான் பழகியிருந்தார்கள். குட்டையாக வெட்டுவது ஆண்களின் சலூனில் நடக்கும் வேலை. பெண்கள் அங்கே போய் வரிசையில் நின்றார்கள். பின்கழுத்தில் முடியைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு போகும் ஷிங்கிள் என்ற வெட்டு அப்படியே ஆண்களின் கடையிலிருந்து வந்த வித்தை. பெண்கள் சலூன்கள் அதைக் கற்றுக்கொண்டு அந்த வாடிக்கையை மீட்டெடுக்கச் சில வருடங்கள் பிடித்தன. படம் அன்றைக்கே எல்லா இதழிலும் இருந்தது.

சுருள் முடியின் கதையும் இதே மாதிரிதான். சூடான இடுக்கியால் அலை போடும் முறையை பாரிஸில் மார்செல் கிராத்தோ 1870களில் கொண்டுவந்தார். அழகான வேலை, ஆனால் அடுத்த தலைக்குளியலோடு போய்விடும். நிலையான சுருளுக்கு 1905ல் லண்டனில் கார்ல் நெஸ்லர் ஒரு வழி காட்டினார். முடியைக் காரக் கரைசலில் நனைத்து, சூடேற்றும் பித்தளை உருளைகளில் சுற்றினார். ஒவ்வொரு உருளையும் கிட்டத்தட்ட 1 கிலோ. பன்னிரண்டு உருளைகளைத் தலை தாங்காது என்பதால் மேலே சரவிளக்குபோல ஓர் அமைப்பில் எதிரெடை கட்டித் தொங்கவிட்டார். ஒரு தலைக்கு ஆறு மணி நேரம். சோதனைக்குத் தலை கொடுத்தது அவர் மனைவி. முதல் இரண்டு முயற்சியிலும் முடி கருகி, தலைத் தோலும் புண்ணானது. இப்படிப்பட்ட வேலையை இதழில் படம் போட்டு என்ன பயன்? 1938ல் ஆர்னல்ட் வில்லட் சூடும் இயந்திரமும் இல்லாத கோல்டு வேவ் முறையைக் கொண்டுவந்த பிறகுதான் பெர்ம் எனப்படும் அந்த நிலையான சுருள் எந்தச் சலூனிலும் எளிதாகச் செய்யக்கூடிய வேலையானது. முடியின் புரதத்தில் இருக்கும் கந்தகப் பிணைப்புகளை ஒரு மருந்து தளர்த்தும், முடி சுற்றியிருக்கும் குச்சியின் வடிவத்திலேயே இன்னொரு மருந்து அவற்றைத் திரும்பக் கட்டும். இன்றைய பெர்மும் அடிப்படையில் அதுதான். அடுத்த பத்தாண்டுக்குள் அதே வேதியியல் டோனி போன்ற பெயர்களில் டப்பாவில் அடைபட்டு வீட்டுக்கே போனது. இரட்டைச் சகோதரிகள் இருவரை நிறுத்தி, இவர்களில் டோனி போட்டவர் யார் என்று கேட்ட விளம்பரம் அமெரிக்க இதழ்களில் எங்கும் இருந்தது. 1948ல் டோனி கம்பெனியை ஜில்லெட் வாங்கியது.

இதழே ஒரு ஸ்டைலைப் பெற்றெடுத்தது என்று தயங்காமல் சொல்லக்கூடிய ஒரு சம்பவம் உண்டு. அதை விட்டுவிட்டால் என் வாதம் ஒருபக்கச் சாய்வாகிவிடும். மாடர்ன் பியூட்டி ஷாப் இதழ்க்காரர்களுக்கு 1950களின் கடைசியில் ஓர் அலுப்பு: புதிதாக எதுவும் வரவில்லை. சிகாகோவில் சலூன் வைத்திருந்த மார்கரெட் வின்சி ஹெல்ட் என்பவரிடம் வரும் பத்தாண்டுக்கு ஏதாவது செய்து கொடுங்கள் என்று கேட்டார்கள். அவரிடம் ஒரு சின்ன வெல்வெட் குல்லாய் இருந்தது. அதைக் கழற்றினாலும் முடி அதே உருவத்தில் நிற்க வேண்டும் என்று யோசித்து, உச்சியில் முடியை ஏற்றிக் கூம்பாகக் கட்டினார். குல்லாயில் வண்டுபோல இருந்த மணி அலங்காரத்தை எடுத்து முடியில் செருகியதைப் பார்த்த இதழ்க்காரர், தேன்கூடு மாதிரி இருக்கிறதே என்றார். பீஹைவ் என்ற பெயர் அப்படி வந்தது. 1960 பிப்ரவரி இதழில் படம் வந்தது. அதன்பின் அது எங்கெல்லாம் போனது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் இதிலும் கவனிக்க வேண்டியது, அது தொழில் இதழ். படத்தைப் பார்த்த முதல் ஆள் வாடிக்கையாளர் இல்லை, சீப்பைக் கையில் வைத்திருந்தவர். அந்தக் கைக்கு பேக் கோம்பிங் ஏற்கெனவே தெரியும். முடியைத் தூக்கிப் பிடித்து, வேர்ப்பக்கமாகச் சீப்பால் அழுத்தி அழுத்தி அடியில் ஒரு மெத்தை கட்டி, மேலே வழவழப்பான ஓர் அடுக்கை இழுத்து மூடுவதுதான் அது. மெத்தையைக் கலையாமல் பிடித்துவைக்க டின் ஸ்ப்ரேயும் அப்போது கடைக்கு வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. அதே படம் 1935ல் வந்திருந்தால் பார்த்து ரசித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பியிருப்பார்கள்.

தொழில் இதழ்களில் படத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் பக்கத்தில் இருக்கும் கோட்டுப் படம். செட்டிங் பேட்டர்ன் என்போம். மேலிருந்து பார்த்த தலை ஒன்று, பக்கவாட்டில் இரண்டு, பின்னால் ஒன்று. தலை முழுக்க வட்டங்கள். ஒவ்வொரு வட்டமும் ஒரு பின் கர்ல் (விரலால் சுருட்டிப் பின் குத்திய சுருள்) அல்லது ரோலர். வட்டத்தில் ஓர் அம்புக்குறி, வலஞ்சுழியா இடஞ்சுழியா என்று காட்ட. நெற்றிப் பக்கம் முதல் வரிசை முகத்தை நோக்கி, அடுத்த வரிசை அதற்கு எதிராக என்று மாற்றிப் போட்டால் உலர்ந்தபின் அலையாக விழும். எல்லாம் ஒரே பக்கம் சுற்றினால் சுருள் சுருளாக நிற்கும். வேருக்கும் வட்டத்துக்கும் நடுவில் விடும் துண்டு முடியை ஸ்டெம் என்போம். அது குட்டையாக இருந்தால் சுருள் அசையாமல் உட்காரும், நீளமாக இருந்தால் துள்ளும். இந்த வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஒருவர் படத்தில் இருக்கும் பெண்ணைப் பார்க்காமலேயே அந்தத் தலையைச் செய்துவிடலாம். வாடிக்கையாளருக்கான இதழ்களில் இது அரிதாகத்தான் இருக்கும். உங்கள் கட்டில் அப்படிப்பட்ட பக்கம் இருந்தால் அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்; மற்ற தலைகளைவிட அதுதான் மதிப்புள்ளது.

1950களிலும் 60களின் முற்பகுதியிலும் மேற்கத்திய நாடுகளில் பல பெண்கள் வாரம் ஒருமுறை சலூனுக்குப் போய் முடியை அலசி செட் செய்துகொண்டார்கள். ஈர முடியில் ரோலர் சுற்றி, பெரிய கவச டிரையருக்கு அடியில் உட்கார வைத்துவிடுவோம். முக்கால் மணி நேரம், சில சமயம் அதற்கும் மேல். இரைச்சலில் பேசவும் முடியாது. கையில் கொடுக்க ஏதாவது வேண்டுமே! சலூனில் இதழ்கள் குவிந்திருந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்த வாரச் செட்டை உடைத்தவர் லண்டனில் சலூன் வைத்திருந்த விடால் சசூன். 1963ல் அவர் நடிகை நான்சி குவானின் நீள முடியைக் கூர்மையான பாப்பாக வெட்டினார். டெரன்ஸ் டோனவன் எடுத்த படம் வோக்கில் வந்து உலகம் சுற்றியது. 60களின் நடுவில் ஐந்து முனை வெட்டு வந்தது. முடியை அலசி உதறினால் வெட்டிய வெட்டாலேயே அது தன் இடத்தில் விழ வேண்டும், ரோலரும் வேண்டாம் ஸ்ப்ரேயும் வேண்டாம் என்பது அவர் கொள்கை. கேட்க எளிது. ஆனால் செட்டில் வெட்டின் தப்பைச் சுருளுக்குள் ஒளித்துவிடலாம். இதில் ஒளிக்க இடமே இல்லை. தலையைப் பகுதி பகுதியாகப் பிரித்து, எந்த முடியை எந்தக் கோணத்தில் இழுத்துப் பிடித்து வெட்டுகிறோம் என்ற கணக்கு தெரிந்தாக வேண்டும். செட் போட்டே பழகிய தலைமுறைக்கு அது தெரியாது. படத்தைக் காட்டிக் கேட்ட பெண்களில் பலருக்குக் கிடைத்தது கிண்ணம் கவிழ்த்த மாதிரி ஒன்று. சசூன் பள்ளிகள் தொடங்கினார், அவரிடம் கற்றவர்கள் பிரிந்துபோய்த் தாங்களும் சொல்லிக்கொடுத்தார்கள். அதன்பின்தான் அந்த வெட்டு சாதாரண சலூனுக்கு வந்து சேர்ந்தது. இந்த நூற்றாண்டில் முடி வெட்டுகிறவர்கள் செய்வதில் பாதிக்கு மேல் அங்கிருந்து வந்ததுதான் என்பது என் கணிப்பு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. முடி ஸ்டைலின் வரலாற்றில் பாதியை விளம்பரக்காரர்கள் எழுதியிருக்கிறார்கள். நடிகை மியா ஃபாரோவின் பிக்சி கட்டை, அதாவது ஆண்பிள்ளை முடிபோல மிகக் குட்டையான வெட்டை, எடுத்துக்கொள்ளுங்கள். 1967ல் ஒரு படப்பிடிப்புக்காக சசூன் லண்டனிலிருந்து வரவழைக்கப்பட்டு, புகைப்படக்காரர்கள் கூட்டத்தின் நடுவே, 5,000 டாலர் கூலிக்கு அவர் முடியை வெட்டினார் என்பதுதான் எல்லா இடத்திலும் சொல்லப்படுவது. ஆனால் அதற்கும் முன்பே, தொலைக்காட்சித் தொடரில் நடித்துக்கொண்டிருந்தபோதே, நான் என் முடியைச் சின்னக் கத்தரியால் குட்டையாக வெட்டிக்கொண்டுவிட்டேன் என்று ஃபாரோ பின்னாளில் எழுதினார். அப்படியானால் சசூன் அன்று வெட்ட அதிகம் மிஞ்சியிருக்காது. கூட்டம் கூடியதும் படம் எடுத்ததும் நிச்சயம். ஸ்டைலை உருவாக்கியவர் யார் என்ற பெருமைதான் தகராறு. இதைப்போல 'இன்னாருடைய வெட்டை இத்தனை லட்சம் பெண்கள் வைத்துக்கொண்டார்கள்' என்று வரும் எண்ணிக்கைகளையும் நான் நம்புவதில்லை. சலூன் வாசலில் யாரும் நின்று எண்ணவில்லை.

சினிமாவும் தொலைக்காட்சியும் இதழைவிடப் பெரிய சக்தி என்பது உறுதி. இரண்டாம் உலகப் போரின்போது நடிகை வெரோனிகா லேக்கின் ஒரு கண்ணை மறைத்து விழும் முடியைத் தொழிற்சாலைப் பெண்கள் பின்பற்ற, அது இயந்திரத்தில் சிக்கும் என்று அரசே அவரிடம் சொல்லி முடியைத் தூக்கிக் கட்டவைத்தது. 1976ல் நடிகை ஃபேரா ஃபாசெட்டின் சுவரொட்டி வந்தது. காற்றில் பின்னால் பறக்கும் அந்த ஃபெதர் கட் பல வருடம் எங்களுக்குச் சோறு போட்டது. அதே வருடம் குளிர்கால ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பனிச்சறுக்கு நடன வீராங்கனை டோரதி ஹாமிலின் வெட்ஜ் கட்டை இன்னும் சுவாரஸ்யமாகச் சொல்லலாம். அந்த வகை வெட்டை ட்ரெவர் சோர்பி 1974லேயே சசூன் சலூனில் உருவாக்கியிருந்தார், இதழ்களிலும் வந்திருந்தது. ஆனால் ஹாமில் சுழலும்போது முடி விசிறியாக விரிந்து, நின்றதும் தானாக ஒழுங்காக வந்து உட்கார்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்தபோதுதான் எல்லோருக்கும் அது வேண்டியிருந்தது. அந்த வெட்டின் சாமர்த்தியமே அசைவில்தான் இருக்கிறது. அச்சில் அதைக் காட்ட வழியில்லை.

1995ல் ஃப்ரெண்ட்ஸ் தொடரால் பரவிய 'ரேச்சல்' கட் இதற்கு நேரெதிர் பாடம். கிறிஸ் மெக்மிலன் வெட்டியது. அடுக்கடுக்காகக் குறைத்து, ஹைலைட்ஸ் கொடுத்து, வட்ட பிரஷ்ஷில் ஒவ்வொரு அடுக்கையும் சுற்றி டிரையரால் ஊதினால்தான் அந்த உருவம் வரும். தானே வீட்டில் செய்யும்போது அது சரியாக வரவில்லை, அந்த வெட்டே தனக்குப் பிடிக்கவில்லை என்று ரேச்சலாக நடித்த ஜெனிஃபர் அனிஸ்டனே பின்னால் சொன்னார். அந்தத் தலைக்குரியவருக்கே கஷ்டம் என்றால், காலையில் பத்து நிமிடம் மட்டும் கைவசம் இருந்த மற்றவர்களுக்கு என்ன ஆகியிருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதழ்களுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே சுவர் இருந்தது என்று நினைக்க வேண்டாம். லோரியாலைத் தொடங்கிய யூஜின் ஷுவெலர் 1933ல் தானே ஓர் அழகு இதழையும் தொடங்கினார். 1956ல் முடிக் கலர் கம்பெனியான கிளேராலுக்காக ஷெர்லி போலிகாஃப் எழுதிய விளம்பரம், இந்தப் பெண் கலர் போட்டிருக்கிறாளா இல்லையா, அவள் சலூன்காரருக்கு மட்டுமே தெரியும் என்ற பொருளில் வந்தது. இரட்டை அர்த்தம் இருக்கிறதென்று லைஃப் இதழ் முதலில் வாங்க மறுத்தது. அலுவலகப் பெண்களைக் கேட்டுப் பார்த்து, யாருக்கும் தப்பாகப் படவில்லை என்றதும் ஏற்றுக்கொண்டது. கலர் போடுவது வெட்கப்பட வேண்டிய காரியம் இல்லை என்று ஆக்கியதில் அந்த ஒரு விளம்பரத்துக்கு எந்த அழகுக் குறிப்புப் பகுதியைவிடவும் அதிகப் பங்கு உண்டு.

யாரெல்லாம் அந்தப் பக்கங்களில் இல்லை என்பதையும் உங்கள் கட்டில் தேடிப் பாருங்கள். நீண்ட காலம் அவற்றில் இருந்தது நேரான அல்லது லேசாக அலை விழும் முடி கொண்ட வெள்ளைக்காரப் பெண்கள்தான். அமெரிக்க வோக்கின் அட்டையில் ஒரு கறுப்பினப் பெண், பெவர்லி ஜான்சன், வந்ததே 1974 ஆகஸ்டில். கறுப்பின வாசகர்களுக்காக 1945ல் எபோனியும் 1970ல் எசன்ஸும் வந்ததற்கும், பிறகு கறுப்பினப் பெண்களின் முடிக்கென்றே தனி ஸ்டைல் இதழ்கள் வந்ததற்கும் இப்படி ஒதுக்கப்பட்டதும் ஒரு காரணம். இந்தத் தனி இதழ்களை நான் ஒரு படி மேலாகவே மதிக்கிறேன். நெருக்கமான சுருள் முடியை எப்படி ஈரப்பதத்தோடு வைப்பது, ரிலாக்ஸர் என்ற நேராக்கும் மருந்து போட்ட முடி எங்கே ஒடியும், பின்னலை எவ்வளவு இறுக்கினால் நெற்றியோர முடி உதிரும் என்பதெல்லாம் அவற்றில் வேலைக்கு ஆகும் அளவுக்கு இருந்தன. பொது இதழ்களில் 'உங்கள் முகத்துக்கு ஏற்ற ஸ்டைல்' என்ற கட்டம்தான் திரும்பத் திரும்ப வந்தது.

அந்த முகக் கட்டத்தைப் பற்றி நிறையப் பேர் கேட்பதால் சொல்கிறேன். முட்டை வடிவம், வட்டம், சதுரம், இதயம் என்று முகங்களைப் பிரித்து, எல்லா முகத்தையும் முட்டை வடிவமாகத் தோன்றச் செய்வதுதான் குறிக்கோள் என்பார்கள். இதற்கு அளவெடுத்த ஆதாரம் எதுவும் கிடையாது; ஓவியக் கலையிலிருந்து வந்த ஒரு வழக்கம், அவ்வளவே. உதவவே உதவாது என்று சொல்லமாட்டேன், அகலத்தைக் குறைக்க உச்சியில் உயரம் கொடுப்பது கண்ணுக்கு வேலை செய்யத்தான் செய்கிறது. ஆனால் ஒரு ஸ்டைல் ஒருவருக்கு அமையுமா என்பதை முகத்தைவிட முடியின் தடிமனும் அடர்த்தியும், சுழி எங்கே இருக்கிறது, நெற்றியில் முடி எந்தப் பக்கமாக முளைக்கிறது என்பவைதான் தீர்மானிக்கும். இவை எதுவும் அந்தக் கட்டத்தில் இருக்காது.

அந்தக் காலப் படங்கள் இப்போதைய ஃபில்டர் படங்களைவிட நேர்மையானவை என்று ஒரு பேச்சு இருக்கிறது. இல்லவே இல்லை. படத்தைத் தூரிகையால் திருத்துவது புகைப்படத்தின் வயதுடைய பழக்கம். கேமராவுக்குத் தெரியும் பாதித் தலையை மட்டும் செய்துவிட்டு மறுபாதியை கிளிப் போட்டு இழுத்துவைப்போம். கழுத்துக்குப் பின்னால் நாலு பின்கள், உள்ளே சவுரி, ஓரத்தில் முடியைப் பறக்கவிட ஒரு மின்விசிறி. இதழ்ப் படங்களில் பின்பக்கம் அநேகமாக இருக்கவே இருக்காது. வெட்டுகிறவளுக்கோ பின்பக்கம்தான் பாதி வேலை. படத்தில் இல்லாத அந்தப் பாதியை நாங்கள் ஊகித்துச் செய்தோம். ஒரே படத்தைக் காட்டினாலும் இரண்டு சலூனில் இரண்டு விதமாக வந்தது அதனால்தான்.

அப்படியானால் இந்த இதழ்களால் என்ன பயன் இருந்தது? வாடிக்கையாளரும் வெட்டுகிறவரும் ஒரே பொருளைச் சுட்டிப் பேச ஒரு வசதி, அதுதான் பெரிய பயன். 'கொஞ்சம் குறைத்து விடுங்கள்' என்றால் ஒருவருக்கு அரை அங்குலம், இன்னொருவருக்கு நாலு அங்குலம். படம் இருந்தால் அந்தச் சண்டை வராது. நான் மாணவிகளுக்குச் சொல்லித்தருவது: காட்டிய படத்தில் முகத்தைக் கட்டைவிரலால் மறைத்துவிட்டு, இப்போதும் இது பிடிக்கிறதா என்று கேட்க வேண்டும். கணிசமானவர்கள் தயங்குவார்கள். பிடித்தது அந்தப் பெண்ணின் கன்னமும் சிரிப்புமாக இருக்கும். தயங்காதவர்களிடம் அடுத்த கேள்வி, இதில் எது பிடிக்கிறது, நீளமா, நெற்றி முடியா, கலரா? அங்கேதான் உண்மையான பேச்சு தொடங்கும்.

வேகத்தைப் பற்றி ஒன்று. மாத இதழ் கடைக்கு வரும் முன் சில மாதங்கள் தயாரிப்பில் இருக்கும். சலூனுக்கு வந்த பிறகு அட்டை கிழியும் வரை மேசையில் கிடக்கும். மேசையில் இருக்கும் 'புதிய' ஸ்டைலுக்கு மூன்று வயது ஆகியிருக்கும், யாரும் கவலைப்பட மாட்டார்கள். அதனால் ஒரு வெட்டைச் சரியாகக் கற்றுக்கொள்ள எங்களுக்கு நேரம் கிடைத்தது. 2010ல் இன்ஸ்டாகிராமும் பின்டரெஸ்டும் வந்த பின் அந்த இடைவெளி போய்விட்டது. அதற்குப் பதிலாகப் பின்பக்கமும் அசைவும் செய்முறையும் வீடியோவில் தெரிகின்றன. தொழில் கற்கும் ஒருவருக்கு இன்றைய நிலைமை எவ்வளவோ மேல். பழைய இதழ்கள் எனக்குப் பிடிக்கும் என்பதற்காக அதை மறைக்கமாட்டேன்.

கடைசியாக, உங்கள் இதழ்களில் இருப்பதைச் செய்துகொள்ள முடியுமா என்பது. முடியும், ஆனால் எந்தப் பத்தாண்டுப் படம் என்பதைப் பொறுத்துக் கேட்க வேண்டியது மாறும். 50கள், 60களின் தொடக்கம் என்றால் அது பெரும்பாலும் செட், வெட்டு இல்லை. ரோலர் செட் தெரிந்தவரைத் தேடுங்கள். செட் செய்ததை அலசினால் போய்விடும் என்பதையும் நினைவில் வையுங்கள். 60களின் பின்பாதிக் கோண வெட்டுகளுக்கு நல்ல கை வேண்டும், உங்கள் முடி நேராக இருந்தால் வேலை பாதி குறையும். 70களின் ஃபெதர் கட் மெல்லிய, நடுத்தர முடிக்குச் சுலபமாக அமையும். தடித்த முடியில் பக்கவாட்டில் உப்பிக்கொண்டு நிற்கும். 80களின் படங்களில் பாதி பெர்ம். ஏற்கெனவே ப்ளீச் செய்த முடியில் பெர்ம் போடச் சம்மதிக்காத சலூன்தான் நல்ல சலூன். ஹென்னா போட்டிருந்தால் கட்டாயம் முன்கூட்டியே சொல்லுங்கள். கடையில் வரும் சில கலவைகளில் உலோக உப்புகள் இருக்கும். பெர்ம் மருந்தும் பெராக்சைடும் அவற்றோடு மோதினால் முடி சூடாகி ஒடிந்துபோகும். காதுக்குப் பின்னால் ஒரு சின்னக் கற்றையில் முதலில் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மறுப்பவர்களிடம் மீதி முடியைக் கொடுக்காதீர்கள்.